ஐம்பது உணவுக்கு ஒரு குடியானவன்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, இரண்டாம் திருப்பலி முடிந்து நான் வெளியே வந்தபோது, என் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் கோவிலின் பக்கவாசலில் காத்து நின்றார். கணவரை இழந்தவர். மூத்த மகன் துபாயில் வேலை செய்கிறான். இளையவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். நம் பாடகர் குழுவில் பாடுகிறவன்.

"சாமி, சின்னவனை நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்லித் திருத்த வேண்டும். இரவு பதினொன்று மணிக்குக் கணினியைத் திறந்தால் ஒரு மணிக்குத்தான் மூடுகிறான். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யார் யாரிடமோ பேசுகிறான். வெட்டு, தீ வை, அழித்துவிடு என்று அவன் வாயில் வருவதெல்லாம் கொலைப் பேச்சாக இருக்கிறது. அரைப் பரீட்சையில் மதிப்பெண்ணும் குறைந்துவிட்டது" என்று கண் கலங்கினார்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு மறையுரையில் வீடியோ விளையாட்டுகளைக் கடுமையாகக் கண்டித்தேன். இரத்தவெறியை ஊட்டும் சாத்தானின் கண்ணி என்றேன். இரவில் முகமறியா அந்நியரோடு பேசும் பிள்ளைகள் எங்குப் போய் முடிவார்களோ என்று எச்சரித்தேன். ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் சிறிய பங்கில் பெயர் சொல்ல வேண்டிய தேவை ஏது? எல்லாத் தலைகளும் பாடகர் குழுவின் பக்கம் திரும்பின. அதற்கடுத்த இரண்டு ஞாயிறுகளிலும் அந்த இளைஞன் கோவிலுக்கு வரவில்லை.

அப்போதுதான் ஓர் எண்ணம் என்னைச் சுட்டது. நான் கண்டித்த பொருளை என் வாழ்நாளில் ஒரு முறையேனும் கண்ணால் கண்டதில்லை. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பெழுதிய நீதிபதியாகிவிட்டேன்.

மூன்றாம் வாரம் அவன் வீட்டுக்குச் சென்றேன். "வா மக்களே, அது என்ன ஆட்டம் என்று எனக்கும் காட்டு" என்றேன். ஐயத்தோடு என்னைப் பார்த்தான். பிறகு கணினியைத் திறந்தான். திறக்கும்போதே, "இரவில் யாரோடு பேசுகிறாய்?" என்று கேட்டேன்.

"அண்ணனோடுதான் ஃபாதர். அவனுக்கு வேலை முடிந்து, அறைக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டு முடிய ஒன்பதரை மணி ஆகும். இங்கே அப்போது பதினொன்று. நாங்கள் இரண்டு பேரும் ஒரே அணியில் ஆடுவோம்."

தேநீர்க் கோப்பையோடு வந்த தாய் அப்படியே நின்றுவிட்டார். "ஏன் மக்களே என்னிடம் சொல்லவில்லை?" என்றார். "நீ கேட்கவில்லையே அம்மா" என்றான் அவன். கேட்காதவர் அவர் மட்டுமல்லர், நானும் கேட்கவில்லை. பீடத்தருகே நின்று நான் கண்டித்த அந்நியக் குரல், நானே முதல் நற்கருணை வழங்கிய ஒரு பிள்ளையின் குரல்.

அன்றும் அதன்பின் பல சனிக்கிழமைகளிலும் அவனருகில் அமர்ந்து பார்த்தேன். நான் அறிந்துகொண்டவற்றைப் பெற்றோராகிய உங்களோடு பகிர்ந்துகொள்வதே இத்திங்கள் என் கடமை.

இவ்வாட்டங்களில் பல வகைகள் உள. அவற்றுள் இரண்டைப் பற்றியே இங்குப் பேசுகிறேன். ஒன்று வியூக ஆட்டம்: ஓர் அரசனைப் போல் நாட்டையும் படையையும் நடத்துவது. மற்றொன்று பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்: ஒரு மனிதனாகக் கதைக்குள் புகுந்து வாழ்வது. முன்னதில் நாம் மேலிருந்து பார்க்கிறோம். பின்னதில் உள்ளிருந்து பார்க்கிறோம். இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள்.

அவன் ஆடியது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்னும் வியூக ஆட்டத்தின் இரண்டாம் பாகம். 1999-இல் வெளிவந்து, 2019-இல் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது. 2022-இல் அதில் 'திராவிடர்' என்ற பெயரால் நம் தென்புலத்தாரும் சேர்க்கப்பட்டனர். இராசேந்திர சோழனின் படையெடுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆடலாம். நம் மாவட்டத்து அடிமுறை ஆசான்கள் சுழற்றும் சுருள்வாளை ஏந்திய வீரரும் அதில் உண்டு. தன் ஊர் ஆயுதத்தை உலகத்தார் ஆட்டத்தில் கண்ட பெருமிதம் அவன் முகத்தில் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கும்போது கையில் சில குடியானவர்களே இருப்பர். அவர்களை வைத்து உணவு, மரம், பொன், கல் ஆகிய நான்கையும் சேர்க்க வேண்டும். எதை எப்போது செலவிடுவது, வயலுக்கு எத்தனை பேர், காட்டுக்கு எத்தனை பேர், எதிரி வருமுன் மதிலா, சந்தையா என்று நொடிதோறும் தீர்மானிக்க வேண்டும். அவசரப்பட்டவன் தோற்பான்; தயங்கியவனும் தோற்பான். இதில் மூளைக்கு வேலையே இல்லை என்று இனி நான் சொல்லமாட்டேன்.

சிறுவயதில் என் தாத்தா எனக்கு ஆடுபுலி ஆட்டம் கற்றுக்கொடுத்தார். திண்ணையில் கரியால் கட்டம் வரைந்து, மூன்று புளியங்கொட்டைகளைப் புலிகளாகவும் பதினைந்து கூழாங்கற்களை ஆடுகளாகவும் வைப்போம். தனித்துத் திரிந்த ஆடு புலிவாயில் விழும். ஒன்றுசேர்ந்து நகர்ந்த ஆடுகள் புலியையே கட்டிப்போடும். அதுவும் ஒரு வியூக ஆட்டமே. அதை ஆடியதால் நான் கெட்டுப்போகவில்லை.

திருச்சபையின் வரலாற்றிலும் இதுபோன்ற நிகழ்ச்சி உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் சதுரங்கம் ஆடிய ஃபிளாரன்ஸ் ஆயரைப் புனித பீட்டர் தமியான் கடிந்துகொண்டு, திருப்பாடல்கள் முழுவதையும் மும்முறை செபிக்கவும், பன்னிரு ஏழைகளின் பாதங்களைக் கழுவவும் பரிகாரம் விதித்தார். ஐந்து நூற்றாண்டுகள் கழித்து அவிலா நகர்ப் புனித தெரேசாவோ, அதே சதுரங்கத்தை உவமையாக்கித் தம் சகோதரிகளுக்குச் செபவாழ்வைக் கற்பித்தார். ஆட்டம் மாறவில்லை, அதைப் பார்த்த கண்கள்தாம் வேறு. ஆகவே புதிய ஆட்டம் என்பதற்காகவே அதைப் பாவம் என்று நாம் முடிவுகட்ட வேண்டியதில்லை.

ஆயினும் என் மனத்தை உறுத்திய ஒன்றையும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் அவனுடைய குடியானவன் ஒருவன் மரம் வெட்டிக்கொண்டிருக்கையில் எதிரியின் குதிரைவீரர் வந்து வெட்டிச் சாய்த்தனர். நான் ஐயோ என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "அது பரவாயில்லை ஃபாதர். ஐம்பது உணவு கொடுத்தால் இன்னொருத்தன் வந்துவிடுவான்" என்றான்.

ஆட்டத்தின் விதி அதுதான். அவன் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் அன்றிரவு முழுவதும் என் செவியில் ஒலித்தது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு மனிதர் எண்ணிக்கையாகத் தோன்றுவது ஆட்டத்தில் மட்டும் நிகழ்வதன்று. முதலாளிக்குத் தொழிலாளியும், அதிகாரிக்கு மனுதாரரும், ஏன், சில வேளைகளில் குருவானவருக்குப் பங்கு மக்களும் அப்படித் தோன்றிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை இனிமையான விளையாட்டாகப் பிள்ளையின் மனத்தில் ஏற்றுவதே வியூக ஆட்டத்தின் உண்மையான ஆபத்து என்று நான் கருதுகிறேன். திரையில் தெரியும் இரத்தம் அதற்குப் பிற்பட்டதே.

அதற்கு மாற்று, கீழிருந்தும் பார்க்கக் கற்பிப்பது. நான் அவனிடம் கேட்டேன்: "நீ சோழப் படையை நடத்துகிறாயே, அந்தப் படை நம் ஊருக்கு வந்தபோது நடந்தது தெரியுமா?" தெரியாது என்றான். சோழர் ஆட்சியில் நம் கோட்டாறு மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர் மாற்றம் பெற்றது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் அவ்வூர் தீக்கிரையாக்கப்பட்டது. பின்னர் இங்கே நிலைப்படை ஒன்று நிறுத்தப்பட்டது. கடாரம் வென்ற பெருமையும் நம்முடையதே; எரிந்த வீடுகளும் நம்முடையவையே. "அப்படியானால் நாம் இரண்டு பக்கமும் இருக்கிறோமா ஃபாதர்?" என்று கேட்டான். ஒரு நல்ல வரலாற்று வகுப்பு எழுப்ப வேண்டிய கேள்வியை ஓர் ஆட்டம் எழுப்பியது; ஆனால் அது தானாக எழவில்லை, அருகில் ஒருவர் அமர்ந்திருந்ததால் எழுந்தது.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். அவ்வாட்டத்தில் துறவி ஒருவர் உண்டு. அவருக்கு விலை நூறு பொன். அவர் கோலை உயர்த்தி ஏதோ முணுமுணுத்தால் சில நொடிகளில் எதிரியின் வீரன் சட்டை நிறம் மாறி நம் பக்கம் வந்துவிடுவான். "இதுதான் ஃபாதர் நீங்கள்" என்று அவன் காட்டியபோது நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்து முடிந்தபின் அவனுக்கு நம் மாவட்டத்தில் மெய்யாகவே நடந்த ஒரு மனமாற்றத்தைச் சொன்னேன். 1741 ஆகஸ்டு 10-ஆம் நாள் குளச்சல் கடற்கரையில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை முறியடித்தது. இன்றும் குளச்சலில் அதன் நினைவுத்தூண் நிற்கிறது. வியூக ஆட்டமாயின் கதை அங்கே முடிந்திருக்கும். வெற்றி என்று திரையில் எழுத்து வரும். தோற்ற தளபதி மறைந்துபோவான். ஆனால் மெய்யான வரலாற்றில் தோற்றவனும் மனிதனாக மிஞ்சுகிறான். சிறைப்பட்ட தளபதி டிலனாய் கொல்லப்படவில்லை. அரசரின் படைக்குப் பயிற்சி அளிப்பவரானார். உதயகிரிக் கோட்டைப் பணியை மேற்பார்த்தார். அங்கே அவரோடு பழகிய அரச அலுவலர் நீலகண்ட பிள்ளை, தமக்கு நேர்ந்த இழப்புகளால் மனமுடைந்திருந்த வேளையில், டிலனாய் அவருக்கு யோபுவின் கதையை எடுத்துரைத்தார் என்பது நம் மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனவர் அவரே. 1752 சனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் உயிர் கொடுத்தார். 2022 மே 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார்.

கோலை உயர்த்திச் சில நொடிகளில் நடந்தது அன்று அது. இரண்டு மனிதர் ஒருவர் துயரை மற்றவர் கேட்டதனால் நடந்தது. வென்ற நாட்டின் அலுவலருக்குத் தோற்ற நாட்டின் கைதி ஆறுதல் சொன்னார். இதை எந்த வியூக ஆட்டமும் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. சதுரங்கத்திலும் வெட்டுண்ட காயைப் பெட்டிக்குள்தான் போடுகிறோம். பிள்ளைகள் அவ்வாட்டங்களை ஆடட்டும். ஆனால் ஆட்டம் விட்டுவிட்ட பாதிக் கதையை வீட்டில் ஒருவர் சொல்ல வேண்டும்.

இனி இரண்டாம் வகை. வேறொரு நாள் அவன் 'அண்டர்டேல்' என்ற ஆட்டத்தைக் காட்டினான். டோபி ஃபாக்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் 2015-இல் வெளியிட்டது. படங்கள் மிக எளியவை. பூதங்கள் வாழும் பாதாளத்தில் விழுந்துவிட்ட ஒரு குழந்தையாக நாம் கதைக்குள் நுழைகிறோம். வழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு பூதத்தையும் கொல்லலாம். அல்லது பேசிப் பழகி, இரக்கம் காட்டி விட்டுவிடலாம். ஒருவரையும் கொல்லாமலே முழு ஆட்டத்தையும் முடிக்க வழி இருக்கிறது.

தொடக்கத்தில் ஒரு தாய்ப்பூதம் அக்குழந்தையை அன்போடு வளர்க்க முன்வருகிறது. அதை விட்டுப் புறப்பட முயன்றால் வழிமறிக்கிறது. "வேறு வழியில்லை என்று நினைத்து முதல் முறை அந்த அம்மாவைக் கொன்றுவிட்டேன் ஃபாதர். மனம் கேட்கவில்லை. ஆட்டத்தை மூடி, பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, இந்தத் தடவை கொல்லாமல் கடந்தேன். ஆனால் வெளியே ஒரு பூ நின்றுகொண்டு, நான் முன்பு செய்தது தனக்குத் தெரியும் என்கிறது. அழித்துவிட்டு வந்த பிறகும் அதற்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றான்.

பெற்றோரே, மனச்சான்று என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக நான் மறைக்கல்வி வகுப்பில் விளக்கியதில்லை. ஐம்பது உணவுக்கு ஒருவன் என்று சிரித்தவனும் இவனே. ஒரு கற்பனைத் தாய்க்காகத் தூக்கம் இழந்தவனும் இவனே. அங்கே அவன் மேலிருந்தான், இங்கே உள்ளிருந்தான்.

பாத்திரமேற்றல் நமக்குப் புதிதன்று. குருமடத்தில் நாங்கள் செய்த ஆன்மப் பயிற்சிகளில் புனித இஞ்ஞாசியார், பெத்லகேம் தொழுவத்தில் நாமும் ஓர் ஏழைப் பணியாளாக நின்று, கண்டும் கேட்டும் பணிசெய்தும் தியானிக்கப் பணிக்கிறார். அவருடைய தோழர் சவேரியாரின் பெயரால் விளங்கும் கோட்டாற்றுப் பேராலயத்தை அறிந்த நமக்கு, உள்ளே புகுந்து பார்க்கும் அவ்வழியின் ஆற்றலைச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றல் உடையது என்பதாலேயே எந்தப் பாத்திரத்தில் புகுகிறோம் என்பது முக்கியமாகிறது. கொள்ளைக்காரனாகவும் கொலைகாரனாகவும் புகுந்து, அதற்காகவே புகழப்படும் ஆட்டங்களும் ஏராளம். அவற்றை வளரும் பிள்ளைகள் கையில் கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன்.

இதற்கு மாறாக, 1985-இல் வந்த 'அல்டிமா' வரிசையின் நான்காம் ஆட்டத்தில் வெல்ல வேண்டிய பெரும்பகைவன் எவனும் இல்லை. நேர்மை, இரக்கம், தியாகம், தாழ்ச்சி முதலிய எட்டு நற்பண்புகளில் வளர்வதே வெற்றி. அதில் பார்வையற்ற ஒரு வணிகர் வருவார். குறைந்த காசைக் கொடுத்து அவரை ஏமாற்றலாம், அவர் அறியமாட்டார். ஆனால் நேர்மையின் கணக்கில் அது குறைந்துவிடும். போலந்து நாட்டார் 2014-இல் உருவாக்கிய 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற ஆட்டத்தில், முற்றுகையிடப்பட்ட நகரில் பசியோடு ஒளிந்திருக்கும் குடிமக்களைக் காக்க வேண்டும். மருந்துக்காக முதியவர் வீட்டில் திருடலாமா என்ற கேள்வி அங்கே எழும். அந்நாட்டு அரசு 2020-இல் அதைப் பள்ளி மாணவருக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே ஆட்டம் என்ற ஒரே பெயருக்குள் கோதுமையும் களையும் கலந்தே வளர்கின்றன.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தத் தாயின் கண்ணீர் பொய்யாகிவிடவில்லை. மகனின் தூக்கம் கெட்டது உண்மை. மதிப்பெண் குறைந்தது உண்மை. ஆட்டத்தை நிறுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பின் தள்ளுதல், தீங்கு கண்ட பின்னும் தொடர்தல் ஆகியவை ஓராண்டளவு நீடிக்குமாயின், அதை ஒரு நோயாகவே உலகச் சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது; அவ்வகைப்பாடு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய பிள்ளைக்கு வேண்டியது மருத்துவரின் உதவி. அடியும் வசையும் அல்ல.

பணத்தைப் பற்றியும் விழிப்பாக இருங்கள். பணம் கட்டிப் பணம் பெறும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அவை சூது, நாம் பேசும் ஆட்டங்கள் வேறு. எனினும் நல்ல ஆட்டங்கள் சிலவற்றுள்ளும், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்து வாங்கும் தூண்டில் வைக்கப்படுகிறது. பெல்ஜியம் நாட்டுச் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018-இல் அதையும் சூதென்றே அறிவித்தது. உங்கள் வங்கி அட்டையின் எண்ணைப் பிள்ளையின் ஆட்டத்தில் பதித்து வைக்காதீர்கள்.

அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. 2006-இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்து, 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குத்திஸ், பிளேஸ்டேஷன் ஆடிய சிறுவன். அதை அவன் வெறுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத் தானே வரம்பிட்டுக்கொண்டான் என்று அவன் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பிறர் போட்ட வேலியைவிடத் தானே போட்ட வேலி உறுதியாக நிற்கும்.

பெற்றோரே, உங்களிடம் நான் வேண்டுவது இதுவே. பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பறிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் அருகில் அமருங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஆட்டத்தில் நீ யார்? இன்று யாருக்கு என்ன செய்தாய்? யாரோடு சேர்ந்து ஆடுகிறாய்? விடைகளைக் கேட்டபின் கண்டிக்க வேண்டியிருந்தால் கண்டியுங்கள். அப்போது உங்கள் கண்டிப்பில் அறிவும் இருக்கும், பிள்ளையும் செவிகொடுப்பான்.

அவ்வீட்டில் இப்போது ஓர் ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது. துபாயில் அண்ணனுக்கு ஞாயிறு விடுமுறை ஆதலால் சனிக்கிழமை இரவு மட்டும் சகோதரர் இருவரும் ஆடுகிறார்கள். பன்னிரண்டரை மணிக்கு நிறுத்திவிட வேண்டும் என்பது தாயோடு செய்துகொண்ட உடன்பாடு. ஆட்டம் தொடங்குமுன் தாயும் சிறிது நேரம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மூத்தவனோடு பேசுகிறார். மற்ற நாள்களில் கணினி பத்து மணிக்கு மூடப்படுகிறது.

நானும் என் பங்கைச் செய்தேன். அடுத்து வந்த ஞாயிறு மறையுரையில், அறியாமல் பேசியதற்காக எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். அன்றும் பாடகர் குழுவின் பக்கம் தலைகள் திரும்பின. அவன் அங்கே இருந்தான்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைக.